பிளந்து வைத்த நாயனம்

இசைக்கருவி செய்யப் படிக்கிறவர்களுக்கான நூலகத்தில் நான் சில வருஷம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை. அது திருத்தங்கல் போகும் ரோட்டில், காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தின் பின்கட்டில் இருந்தது என்றால் சுத்தமாக நம்புவதில்லை. அந்தப் பக்கம் வெடி செய்யத்தானே ஆள் எடுப்பார்கள் என்று கேட்பார்கள். முன்பெல்லாம் உட்காரவைத்து விளக்குவேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

அந்த அச்சக முதலாளியின் மகள் வீணை படித்தாள். ஒரு கோடையில் வீணையின் குடம் விரிசல் விட்டது. எங்கள் பக்கத்து வெயிலுக்குக் காகிதம் நன்றாக இருக்கும், வெடிமருந்து நன்றாக இருக்கும், மரம் இருக்காது. அதைச் சரிபண்ண ஆள் தேடி ஊர் ஊராக அலைந்தவருக்குக் கடைசியில் கோபம் வந்துவிட்டது. இத்தனை மிஷின் ஓடுகிற ஊரில் ஒரு வீணையைப் பார்க்க ஆள் இல்லையா என்று கேட்டு, ஒரு பயிற்சிப் பட்டறையையே தொடங்கிவிட்டார். பணக்காரர்களின் கோபத்தில் இப்படிச் சில நல்ல காரியங்களும் நடந்துவிடும். பட்டறை என்றால் நூலகம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நூலகம் என்றால் லைப்ரரியன் வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

எங்கள் குடும்பம் விருதுநகரில் மல்லி, மிளகாய் கமிஷன் கடை வைத்திருந்தது. நான் நூலகப் படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்து, கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் காத்திருந்தேன். அத்தா கடைக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்கப் போன இடத்தில் முதலாளியிடம் பேச்சுவாக்கில் என் படிப்பைச் சொல்ல, அப்படியே வேலை முடிவாகிவிட்டது. செல்போன் முதலாளிகள் கையிலும் ஏஜெண்டுகள் கையிலும் மட்டும் இருந்த வருஷங்கள் அவை. வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது வீணையும் இல்லை, மிருதங்கமும் இல்லை. பஸ் கம்பியைப் பிடித்திருந்த தோள்வலிதான்.

நூலகம் ஒரே அறை. மேலே சிமெண்டு ஷீட். ஒரு சுவர் முழுக்கப் புத்தகங்கள். பாதி இங்கிலீஷ், சில எந்த பாஷை என்றே எனக்குத் தெரியாதவை. யாரோ வெளிநாட்டிலிருந்து முதலாளிக்கு அனுப்பிவைத்தவை. அவற்றைப் பிரித்துப் படம் பார்த்தவர்கள் உண்டு, படித்தவர் யாரும் கிடையாது. பட்டறை மாணவர்கள் என்று வந்தவர்கள் தச்சு வேலை தெரிந்தவர்கள், மேளக்காரர் வீட்டுப் பையன்கள், தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்கிற பாக்டரிகளில் இருந்து விலகி வந்தவர்கள். அவர்கள் படித்தது எதிர்ச் சுவரை. அங்கே பலா, ஆச்சா, கருங்காலி என்று மரத்துண்டுகள் இருக்கும். பதப்படுத்திய தோல் இருக்கும். முழு அளவில் வரைந்த படங்கள் சுருட்டி வைத்திருக்கும். நடுத்தட்டில் பிளந்த கருவிகள் இருக்கும்.

இந்தப் பிளக்கிற வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தேறாத கருவியைப் பட்டறையில் விற்கவும் மாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். ரம்பம் போட்டு நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து நூலகத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே எங்கே கோணல், எங்கே கனம் கூடிப்போனது என்று அடுத்தவர்கள் பார்த்துக்கொள்ளலாம். கூடவே என்ன பிழை என்று வாத்தியார் கையால் எழுதிய சீட்டு வரும். அதை ஒட்டி அலமாரியில் அடுக்குவது என் வேலை. வயிறு பிளந்த மிருதங்கம், குடம் பாதியான வீணை, நெடுகக் கிழிந்த புல்லாங்குழல் எல்லாம் வரிசையாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி நிற்பார்கள்.

வழக்கத்தை ஆரம்பித்தவர் முதல் வாத்தியார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊர்த் தண்ணீரும் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல், அடுத்த கோடை வருவதற்குள் தன் ஊருக்கே திரும்பிவிட்டார். போகும் முன் ஒரு நல்ல காரியம் செய்தார். நாயனத்தை, அதாவது நாகசுரத்தின் மரக்குழலை, அதன் முழு நீளத்துக்குத் துணி ஒட்டிய தாளில் வரைந்து கொடுத்தார். அதில் ஓர் எண் கிடையாது. அளவை எழுதிவைத்தால் பயல்கள் டேப்பை வைத்து ஆளுக்கொரு மாதிரி அளப்பார்கள், மரத்தைத் தாள்மேலேயே வைத்து ஊசியால் குத்தி எடுத்தால் பிசகாது என்பது அவர் கட்சி. எல்லோரும் அப்படியே செய்தார்கள். தாள்தான் தாங்கவில்லை. ஊசிக்குத்துப் பட்டுப் பட்டு, அரக்குக் கறை ஏறி, நடுவில் கிழிந்து இரண்டாகிவிட்டது.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சென்னையில் யாரிடமாவது கொடுத்து நகல் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, நாலு கலர் மிஷினு இங்கன ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு படத்துக்காகவா இம்புட்டுக் கவலைப்படுறீக?" என்றார்.

அது காலண்டர் சீசன். அச்சகத்தில் ஆட்கள் சாப்பிடக் கூட உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் முதலாளி சொன்ன வேலை என்பதால் கிழிந்த படத்தைச் சேர்த்துவைத்துப் பிலிம் எடுத்து, பிளேட் போட்டு, அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்த எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. பளபளவென்ற காலண்டர் தாள். நடுவில் நாயனம். அதன் தலைக்குமேல் சின்னதாகச் சரஸ்வதி. கீழே பட்டறையின் பேரும் முதலாளி பேரும். சுற்றிலும் பூ பார்டர். மேல் ஓரத்தில் தகரப்பட்டி அடித்து, ஆணியில் மாட்ட வளையமும் வைத்திருந்தார்கள். முதலாளி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஆளுக்கு ஒன்று கொடுங்கள், வீட்டில் மாட்டிக்கொள்ளட்டும் என்றார். முஸ்லிம் வீட்டுப் பெண்ணான எனக்கு ஒன்றும் சங்கடம் இல்லையே என்று சரஸ்வதியைக் காட்டிக் கேட்டார். நல்ல மனுஷர். எனக்கென்ன சங்கடம், படம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன்.

அந்த வருஷம் நாயனம் செய்ய எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான். முப்பது வயதுக்குப் பக்கத்தில் இருப்பாள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அண்ணன் வீட்டில் இருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிய கை. பிறகு ஆபீசுக்குள்ளேயே வேலைக்குப் போனாள். பக்கத்து ஷெட் வெடித்து, காலையில் கூடவே பஸ்ஸில் வந்தவர்கள் சாயங்காலம் வரவில்லை என்றானபின் இனி அங்கே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கெட்டவர் இல்லை. பட்டறைக்குப் போய்ப் படி, ஆடிக்குள் இதில் பிழைக்க முடியும் என்று தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் சீசனுக்கு ஆபீசுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு. இதை அவளே என்னிடம் சொன்னாள். சொன்ன விதத்தில் அழுகை ஒன்றும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

என் நூலகத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, பிளந்த கருவிகளில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருப்பாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"அடுத்தவுக தப்பு எங்கனன்னு பார்த்துக்கிட்டா நாம அங்கன போகாம இருக்கலாம்ல டீச்சர்" என்றாள் ஒருநாள்.

புத்தகத்துக்கு ஆள் வராத லைப்ரரியனுக்கு அந்த ஒரு வாசகி போதும் என்று இருந்தது. அவள் வராத நாளில் அறை பெரிதாகத் தெரியும்.

பங்குனி வாக்கில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாயனக்காரர் வந்தார். நையாண்டி மேளம் நடத்துகிறவர். நாயனம் எப்போதும் ஜோடியாக வாசிக்கிறது. அவருடைய குழல் வெடித்துவிட்டது, அவர் தம்பியுடையது நன்றாக இருக்கிறது. தம்பி குழலோடு சேர்ந்து நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும், ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வாசிக்கப் போவதற்குள் வேண்டும் என்றார். சேர்ந்துவிட்டால் அங்கே வருகிற மேளக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்வதாகச் சொன்னார். தம்பியின் குழலும் முதல் வாத்தியார் வரைந்த படத்து அளவும் ஒன்று. பழைய தாள் கிழியும் முன்பே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே படத்தைப் பார்த்துச் செய்தால் போதும் என்று அப்போதிருந்த வாத்தியார் வேலையை இவளிடம் கொடுத்தார். இவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழல் சேர்ந்தால் அவள் வெடி ஆபீசுக்குத் திரும்ப வேண்டாம்.

இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த ஆச்சா மரம் கொடுத்தார்கள். தகரப்பட்டியை வளைத்துவிட்டு, புதுப் படத்தை மேஜையில் விரித்து, மரத்தை அதன்மேல் வைத்து ஊசியால் குத்தினாள். முதலில் சரஸ்வதியைத் தொட்டுக் கும்பிட்டாள். கடைந்து, துளை போட்டு, எண்ணெய் ஊற விட்டு, அவள் முடித்துக் கொண்டுவந்தபோது எனக்கே அதைக் கையில் வாங்க ஆசையாக இருந்தது.

நாயனக்காரர் தம்பியோடு வந்து ஊதிப் பார்த்தார். ஊதியவுடன் தம்பி தலையை ஆட்டிவிட்டார். சுருதி தூக்கலாக இருந்தது. நாயனக்காரர், ஊதுகிற நாணல் சீவாளியைச் செருகும் பித்தளைக் குழாயில் நூலைச் சுற்றி உயர்த்திப் பார்த்தார். கீழே சரியானது, மேலே போகப் போக விலகியது. சீவாளியை மாற்றினார், அப்படியும் சேரவில்லை. குழல் தேறாது என்று முடிவாகி, அன்று சாயங்காலமே அதைப் பிளந்துவிட்டார்கள். இரண்டு பாதியும் என் மேஜைக்கு வந்தன. சீட்டில் வாத்தியார் எழுதியிருந்தது: சுருதி தூக்கல். கைப்பிழை. நான் ஒட்டி அடுக்கினேன்.

அவள் இரண்டாவது ஒன்று செய்தாள். முன்னைவிடக் கவனமாகச் செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். நடுவில் ஒருநாள் மட்டும் வந்து, தன் முதல் குழலின் பாதிகளை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தப்பு எங்கே என்றே தெரியவில்லை என்றாள். எனக்கு என்ன தெரியும். நாளைக்குத் தெரியும் என்று அர்த்தமில்லாமல் ஏதோ சொன்னேன். ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது நாயனக்காரர் மறுபடி வந்தார். அதே தூக்கல். அச்சு அசலாக அதே தூக்கல்.

வாத்தியார் முன்பு கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவர், பிறகு கருவி வேலை பழகியவர். முரடர் இல்லை. ஆனால் அன்று நாயனக்காரர் முன்னால் அவருக்கும் அவமானமாகப் போய்விட்டது.

"வெடி உருட்டுன கை. இறுக்கிப் பிடிச்சே பழகிருச்சு. நாயனத்துக்கு இது ஆகாதும்மா" என்றார்.

அவள் தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிளப்பதற்காக வாத்தியார் குழலைக் கேட்டபோது மட்டும் கொடுக்க மாட்டேன் என்றாள். வழக்கம் வழக்கம்தானே என்று அவர் சொல்ல, இவள் முந்தானையில் குழலைச் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் ஆபீஸ் வேனில் ஏறிவிட்டதாக ஒரு பையன் வந்து சொன்னான்.

அதன்பிறகு நூலகம் முன்போலவே இருந்தது. நான் தூசி தட்டினேன். யாரும் வராத அறையில் தூசி மட்டும் எப்படித் தவறாமல் வருகிறது என்று எரிச்சலாக இருக்கும். வெயில் சிமெண்டு ஷீட்டில் இறங்கி மதியத்துக்குமேல் கண் சொருகும். வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். அவர் உன் இஷ்டம் என்றார். இஷ்டம் என்று ஒன்று இருந்தால்தானே முடிவெடுக்க. மறுநாளும் பஸ்ஸைப் பிடித்தேன்.

புரட்டாசியில் ஒருநாள், சும்மா இருப்பதற்குப் பதில் அந்தப் பழைய கிழிந்த படத்தை ஒட்டி வைக்கலாம் என்று எடுத்தேன். பின்னால் கொடுக்கக் கெட்டித் தாள் வேண்டும். மிச்சமிருந்த அச்சுப் படங்களில் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுப் பசை தடவப் போனவள், ஓரத்துக்கு ஓரம் சரியாக வைக்கலாமே என்று நிமிர்த்தி, பழைய நாயனத்தைப் புது நாயனத்தின்மேல் பொருத்தினேன். மேல்முனை பொருந்தியது. கீழ்முனை பொருந்தவில்லை. பழையது ஒரு விரல் கனத்துக்கு வெளியே நின்றது. கிழிசலைச் சரியாகச் சேர்க்கவில்லையோ என்று நகர்த்திப் பார்த்தேன். துளையும் துளையும் சேரவே இல்லை. கீழே போகப் போக விலகிக்கொண்டே போனது.

எழுந்து நடுத்தட்டிலிருந்து அவளுடைய குழலின் ஒரு பாதியை எடுத்து அச்சுப் படத்தின்மேல் வைத்தேன். முனைக்கு முனை, துளைக்குத் துளை, நூல் பிசகாமல் படத்தை மூடிக்கொண்டு கிடந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அச்சகத்துக்குள் போய் போர்மேனைப் பிடித்தேன். அவர் காதில் பென்சிலோடு மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தி விளக்கினார்.

"மேல தகரம் அடிக்கணும். கீழ பேரு வரணும். படம் வெட்டுப்படக் கூடாதுன்னு இத்துனூண்டு குறைச்சோம் டீச்சர். நல்லாத்தான வந்திருக்கு?"

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. வாழ்நாள் முழுக்க சாமி படமும் குழந்தை படமும் காலண்டருக்குள் அடக்கியவர். காலும் கிரீடமும் வெட்டுப்படாமல் படத்தைத் தாளுக்குள் கொண்டுவருவதுதான் அவர் தொழில். நாயனத்தையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறார். அவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வருத்தப்பட்டவர் முதலாளிதான். அந்தப் படங்களை இனி யாரும் தொட வேண்டாம் என்றார். கிழித்துப் போடலாமா என்றதற்கு மட்டும் சாமி இருக்கே என்று தயங்கினார். நான் கிழித்தால் அது வேறு பேச்சாகிவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆகவே அந்தப் பொய் அளவுப் படங்கள் மரியாதையாகப் பீரோவுக்குமேல் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன். தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாங்க டீச்சர் என்று பாய் விரித்தாள். கையெல்லாம் அலுமினியப் பொடி ஏறி வெள்ளி பூசியது போல மினுங்கியது. தேய்த்தால் போகாது, சீசன் முடிந்து தோல் மாறினால்தான் போகும் என்றாள். சுவரில் நாயனப் படம் தொங்கியது. தகரப்பட்டியில் காய்ந்த பூச்சரம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய படத்தையும் கொண்டுபோயிருந்தேன். சுவரில் இருந்ததைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். உன் கையில் தப்பே இல்லை என்று சொன்னேன். அவள் அழுவாள், அல்லது யாரையாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் செஞ்ச ரெண்டும் ஒரே அளவுதான டீச்சர்?"

ஆமாம் என்றேன். எனக்கு அப்போதும் புரியவில்லை.

"நாயனம் ஜோடியாத்தான வாசிக்கிறது. ரெண்டையும் சேத்து வச்சு ஒருத்தரும் ஊதிப் பாக்கலியே. அதுக்கு முன்ன ஒண்ணப் பிளந்துட்டீகளே."

தம்பி குழலோடு சேருமா சேருமா என்றே எல்லோரும் பார்த்தோம். பாரி என்கிற நீளக் குழலை விடச் சின்னது, திமிரி என்கிற குட்டைக் குழலை விடப் பெரியது என்று ஒன்று இருந்தால் என்ன, இரண்டும் தங்களுக்குள் சேர்ந்தால் அதுவே ஒரு ஜோடிதான். யாராவது ஒரு மேளக்காரர் அதை வாங்கிப் போயிருப்பார். அவள் உள்ளே போய், பெட்டிக்குள்ளிருந்து பழைய சேலையில் சுற்றிய குழலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். பிறகு காபி போட்டுக் கொடுத்தாள்.

தீபாவளி முடிந்து ஆபீசுகள் அடைத்திருந்த நாட்களில், தூறலோடு தூறலாக அவள் நூலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையும், ஒரு கட்டுப் பழைய பேப்பரும். பிளந்த இரண்டு பாதியையும் கொடுங்கள் டீச்சர் என்றாள். கொடுத்தேன். ரம்பம் தின்ற கனத்துக்குப் பேப்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, விளிம்பில் ஒட்டி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி ஒட்டினாள். இரண்டு பாதியையும் சேர்த்து, வெடிக்குழாய் உருட்டுகிற அதே விதத்தில், பேப்பரைப் பசையில் நனைத்து இறுக்கி இறுக்கிச் சுற்றினாள். அந்த இறுக்கத்தில் காற்றுக் கசிய வழியில்லை. மழையில் காயாது என்பதால் என் மேஜை பேனுக்கு அடியில் வைத்தோம். மறுநாளும் வந்தாள். விரல் துளைகளைப் பிளேடால் திறந்தாள். விடிய எழுந்து சமைத்துவிட்டுப் போன நான் அவள் வேலை செய்வதைப் பார்த்தபடியே ஸ்டூலில் கொஞ்சம் தூங்கிக்கூடப் போனேன்.

வாத்தியாரைக் கூப்பிட்டு வந்தேன். அவரிடம் படத்து விஷயத்தை முன்பே சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து நூலகப் பக்கமே வராமல் இருந்தவர், கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்தார். தன் டப்பாவிலிருந்து இரண்டு சீவாளி எடுத்து நனைத்தார். பேப்பர் சுற்றிய குழலை அவரே எடுத்துக்கொண்டார். முழுக்குழலை அவள் வைத்துக்கொண்டாள்.

முதலில் பேப்பர் அதிர்ந்து கரகரவென்றது. ஊதிப் பழகாதவள், அவளுக்கு மூச்சு நிற்கவில்லை. மறுபடி ஊதினார்கள். எனக்குச் சுருதி ஞானம் கிடையாது. ஆனால் இரண்டாக இருந்த சத்தம் ஒன்றாகி அந்த அறைக்குள் நின்றது எனக்கே தெரிந்தது. அலமாரிக் கண்ணாடி லேசாக நடுங்கியது. முன்னால் அச்சகத்தில் மிஷினை நிறுத்திவிட்டு யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

வாத்தியார் குழலை இறக்கினார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணாத்தான்மா நிக்குது" என்றார். "உன் கையில ஒண்ணும் இல்ல."

பிறகு, மரம் தருகிறேன், இந்தப் படத்தை வைத்தே இன்னொன்று கடைந்து ஜோடி சேர்த்துவிடு, சாத்தூர்க்காரர் வேறு குழல் வாங்கிவிட்டால் போகிறார், வேறு ஆள் பார்ப்போம் என்றார். முதலாளியிடம் நான் பேசுகிறேன் என்று நானும் சொன்னேன். நான் உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

அவள் முழுக்குழலைச் சேலைத்துணியில் சுற்றத் தொடங்கிவிட்டாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"கை மேல இருந்த சந்தேகம் போயிருச்சு டீச்சர். அம்புட்டுத்தான் தெரியணும்னு வந்தேன். இந்த நாலு மாசத்துல ஆசையும் கூடவே போயிருச்சு."

இன்னொரு தடவை தப்பாகிப் போனால் தாங்க முடியாது என்றாள். ஆபீசில் பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கே மருந்து கிடையாது, பயம் கொஞ்சம் குறைவு என்றாள். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். தலையைத் தலையை ஆட்டினாளே தவிர, மனசு அதில் இல்லை என்று தெரிந்தது. போகும்போது அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டைக் கேட்டாள். நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன். கைப்பிழை என்று இருந்ததை ஒருதடவை படித்துவிட்டு, மடித்து மணிபர்சுக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள்.

அடுத்த வருஷம் முதலாளிக்குக் கோபம் எல்லாம் ஆறிவிட்டது போல. மகளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். பட்டறையை மூடி, அந்த இடத்தில் காலண்டர் கட்டுகளை அடுக்கினார்கள். புத்தகங்கள் ஒரு காலேஜுக்குப் போயின. பிளந்த கருவிகளை யாரும் கேட்கவில்லை. பேப்பர் சுற்றிய குழலை மட்டும் நான் பையில் போட்டு விருதுநகருக்கு எடுத்து வந்தேன். திருத்தங்கல் பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் வேனில் அவளை இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பத் தோன்றவில்லை.

குழல் இப்போதும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பசை பழுப்பேறி, பேப்பரில் பழைய செய்தி எழுத்துகள் அங்கங்கே தெரியும். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன பழுது என்று கேட்பார்கள். ஒரு பழுதும் இல்லை என்று சொல்வேன். அதையும் யாரும் நம்புவதில்லை.